அயல்நாட்டு ஆசிரியரும் அநுமதிச் சீட்டும்

(ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆசிரியர் தெய்வத்துக்கு ஒப்பானவர் என்று சொல்லி உங்களை மகிழ்வித்துவிட்டு இறங்கிப் போவது இம்மாதிரி மேடைகளில் நெடுநாளைய வழக்கம். அந்தப் புகழுரைகளை நீங்கள் போதுமான அளவு கேட்டிருப்பீர்கள். அவற்றால் எந்த ஆசிரியருக்கும் ஊதியம் உயர்ந்ததாக நான் அறியேன். ஆகவே இன்று சற்று வறண்டதாகத் தோன்றக்கூடிய விஷயம் ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். வேற்று நாட்டுக்குச் சென்று கற்பிக்க விரும்பும் ஆசிரியரை அந்நாட்டுச் சட்டம் வாசலில் நிறுத்தி என்னென்ன கேட்கிறது, அக்கேள்விகளுள் நியாயமானவை எவை, நியாயம் இல்லாதவை எவை என்பதே என் பேச்சின் பொருள். இது நமக்குச் சம்பந்தமில்லாத ஆராய்ச்சி என்று யாரும் எண்ண வேண்டாம். எதியோப்பியாவில் ஹெய்லி செலாசி சக்கரவர்த்தியின் காலத்துப் பள்ளிக்கூடங்களில் இந்திய ஆசிரியர்கள் திரளாகப் பணிபுரிந்தார்கள். மாலத்தீவின் சின்னஞ்சிறு தீவுகளில் இன்றும் நம்மவர்கள் பாடம் நடத்துகிறார்கள். இந்த மண்டபத்தில் அமர்ந்திருப்பவர்களிலும் சிலர் கடல் கடப்பீர்கள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுவோம். தன் குழந்தைகளின் முன்னால் வந்து நிற்கப்போகும் அந்நியர் யார், அவர் என்ன கற்றவர், அவருடைய ஒழுக்கம் எத்தகையது என்று விசாரிக்கும் உரிமை ஒரு தேசத்துக்கு உண்டா? ஐயமின்றி உண்டு. நம் வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் சொல்ல வருகிறவரைப் பற்றி நாம் விசாரிப்பதில்லையா? அந்த விசாரணையை ஒரே அலுவலகம் செய்வதில்லை என்பதுதான் புதிதாகச் செல்பவருக்கு வியப்பளிப்பது. தாய்லாந்தில் பாருங்கள்: நாட்டுக்குள் தங்குவதற்கான விசாவைத் தருவது குடிவரவுத் துறை, ஊதியம் பெற்று வேலை செய்வதற்கான அநுமதியைத் தருவது தொழிலாளர் துறை, வகுப்பறையில் நின்று கற்பிப்பதற்கான உரிமத்தைத் தருவதோ, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் குருசபா என்னும் ஆசிரியர் மன்றம். உரிமம் இல்லாத அயல்நாட்டவருக்காகப் பள்ளிக்கூடம் விண்ணப்பித்தால், மன்றம் ஈராண்டுக் காலத்துக்குத் தற்காலிக அநுமதி தரும். அதற்குள் அவர் தம் யோக்கியதையை நிறைவு செய்துகொள்ள வேண்டும். மூன்று கதவுகள், மூன்று திறவுகோல்கள். ஒன்று தவறினாலும் மற்ற இரண்டும் பயனற்றவை.

இது தொல்லைதான், ஆனால் அநியாயம் அன்று. அநியாயம் எங்கே தொடங்குகிறது? அதைக் காட்டுவதற்குத் தென்கொரியாவைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஆகையால் அங்கேயே சிறிது நேரம் தங்குவோம்.

அந்நாட்டு மக்களுக்குக் கல்வியின்பால் உள்ள தாகம் உலகறிந்தது. பள்ளி முடிந்த பின் பிள்ளைகள் செல்லும் தனியார் பயிற்சிக்கூடங்களுக்கு அங்கே ஹாக்வொன் என்று பெயர். தனிப்பயிற்சி மோகம் எல்லை மீறிப் போகவே, 1980இல் சுன் டூ-ஹ்வானின் ஆட்சி அதை அடியோடு தடை செய்து பார்த்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 2000இல், அத்தகைய ஒட்டுமொத்தத் தடை செல்லாது என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சியோல் நகரில் இரவு பத்து மணிக்கு மேல் ஹாக்வொன்கள் பாடம் நடத்தலாகாது என்று ஒரு விதி உண்டு. பிள்ளைகளை உறங்க வைப்பதற்கு ஒரு நாடு சட்டம் இயற்ற வேண்டியிருக்கிறது பாருங்கள்! அந்தத் தாகத்தின் பெரும் பகுதி ஆங்கிலத்தின் மேல் சென்றது. ஹாக்வொன்கள் அயல்நாட்டு ஆசிரியர்களை வரவழைத்தன. 1995 முதல் அரசும் தன் பள்ளிகளுக்காக ஒரு திட்டம் வகுத்து அவர்களை வரவழைத்து வருகிறது.

வருகிறவர்களுக்கென்று வகுக்கப்பட்டதே ஈ-2 என்னும் விசா. அதன் நிபந்தனைகள் யாவை? பட்டம் பெற்றிருக்க வேண்டும். எந்தப் பாடத்தில் பட்டம் என்பது பொருட்டன்று. குற்றப் பின்னணி இல்லை என்ற அத்தாட்சி வேண்டும். உடல் நலம் சோதிக்கப்படும். இவற்றுக்கெல்லாம் முன்பாக நிற்பது ஒரு நிபந்தனை: விண்ணப்பிப்பவர் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்னும் ஏழு நாடுகளுள் ஒன்றின் பிரஜையாக இருக்க வேண்டும். சிங்கப்பூரில் பள்ளிப் படிப்பு முழுவதையும் ஆங்கிலத்திலேயே முடித்தவருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ஆங்கிலத்தையே ஆட்சிமொழியாகக் கொண்ட ஜமைக்காவுக்கும் இல்லை. ஆங்கில இலக்கியத்துக்கு ஒரு நோபல் பரிசைப் பெற்றுத் தந்த நைஜீரியாவுக்கும் இல்லை.

இந்த விதியின் விசித்திரத்தை நம்மவர் கதையைக் கொண்டே விளக்குகிறேன். 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், மதராஸ் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல், நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கென்று ஒப்பந்தம் செய்யப்பட்ட கூலிகளைச் சுமந்துகொண்டு டர்பன் துறையை அடைந்தது. அவர்களுள் தமிழர் பலர். இனி ஒரு கற்பனை செய்வோம். ஓர் ஊரில் அண்ணன் தம்பி இருவர். தம்பி அந்தக் கப்பலில் ஏறிவிட்டான். அண்ணன் காவிரிக் கரையிலேயே ஏரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். தலைமுறைகள் கடந்தன. தம்பியின் வழி வந்த பெண் இன்று டர்பனில் வணிகவியல் படித்துப் பட்டம் பெற்று நிற்கிறாள். ஒரு நாளேனும் வகுப்பெடுத்தவள் அல்லள். அண்ணனின் வழி வந்த பெண் கும்பகோணத்தில் ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்து, பி.எட். முடித்து, பன்னிரண்டு ஆண்டுகளாக உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து வருகிறாள். இருவரும் ஒரே நாளில் ஈ-2 விசாவுக்கு விண்ணப்பித்தால் யாருக்குக் கதவு எளிதில் திறக்கும்?

டர்பன் பெண்ணுக்குத்தான். அவளிடம் ஆசிரியப் பயிற்சி உண்டா என்று விசா விதி கேட்பதில்லை. பாஸ்போர்ட்டின் நிறமும் ஒரு பட்டமும் போதும். கும்பகோணத்துப் பெண்ணுக்கு அந்தக் கதவு 2009 வரை அடியோடு மூடியிருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் இந்தியாவும் கொரியாவும் விரிவான பொருளாதாரக் கூட்டுறவு உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன; 2010 ஜனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. எஃகுக்கும் மோட்டார் வண்டிக்கும் சுங்க வரி பேசிய அந்த உடன்படிக்கையின் ஒரு மூலையில், இந்திய ஆங்கில ஆசிரியர்கள் கொரியப் பள்ளிகளில் உதவி ஆசிரியராகப் பணிபுரியலாம் என்ற ஏற்பாடும் இடம்பெற்றது. மகிழ்ச்சிதான். ஆனால் நிபந்தனையைக் கவனியுங்கள்: இந்தியராயின் ஆங்கிலத்தில் பட்டமும் வேண்டும், கற்பிப்பதற்குரிய சான்றும் வேண்டும். ஏழு நாட்டாருக்குப் பிறப்பே தகுதி. நமக்கோ தகுதிதான் தகுதி. இதில் மனக்குறைப்பட வேண்டியவர்கள் நாம்தானா என்று நான் சிலசமயம் ஐயுறுவதுண்டு. நம்மிடம் கேட்டதே சரியான கேள்வி. அதை எல்லோரிடமும் கேளாமல் விட்டதே பிழை. நட்டமடைந்தவை கொரியக் குழந்தைகள் அல்லவா?

பிறந்த நாட்டைப் பார்த்து ஒருவரை நம்பத் தொடங்கும் சட்டம், அதே நாட்டைப் பார்த்து அவரைச் சந்தேகிக்கவும் தொடங்கிவிடும். 2007 அக்டோபரில், கொரியாவில் ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டிருந்த கனடா நாட்டவர் ஒருவர், குழந்தைகளுக்கு எதிரான கொடுங்குற்றங்களுக்காகச் சர்வதேசப் போலீஸாரால் தேடப்பட்டுத் தாய்லாந்தில் கைதானார். கொரியா அதிர்ந்தது, அதிர்ச்சி நியாயமானதே. அவ்வாண்டு முடிவதற்குள் ஈ-2 விசாவுக்குக் குற்றப் பின்னணி அத்தாட்சி கட்டாயமாயிற்று. அதையும் யாரும் குறை கூற முடியாது. ஆனால் அந்தச் சூட்டோடு போதைப்பொருள் சோதனையும் எச்.ஐ.வி. சோதனையும் சேர்ந்துகொண்டன. குழந்தைகளைத் துன்புறுத்தும் பாதகனை இரத்தப் பரிசோதனையால் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. அச்சத்தில் பிறந்த விதி அதைப் பற்றி யோசிப்பதில்லை.

இந்தச் சோதனை கொரிய ஆசிரியர்களுக்கு இல்லை. அயல்நாட்டில் பிறந்து, அயல்நாட்டுப் பிரஜையாகவே வந்து, அதே ஆங்கிலத்தைக் கற்பித்த கொரிய இனத்தவருக்கும் இல்லை. அப்படியானால் சோதிக்கப்பட்டது நோயா, வம்சமா? இக்கேள்வியை எழுப்பியவர் ஒரு நியூசிலாந்துப் பெண்மணி. உல்சான் நகரத் தொடக்கப் பள்ளி ஒன்றில் அவர் பணியாற்றி வந்தார். நாட்டுக்குள் வந்தபோது சோதனைக்கு உடன்பட்ட அவர், 2009இல் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதற்கு மீண்டும் அதே சோதனை வேண்டும் என்றபோது மறுத்துவிட்டார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். ஆனால் வழக்கை விடவில்லை. ஐக்கிய நாடுகளின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழுவிடம் முறையிட்டார். 2015 மே மாதத்தில் அக்குழு, இச்சோதனை பொதுச் சுகாதாரத்தின் பெயராலோ வேறெதன் பெயராலோ நியாயப்படுத்த முடியாதது, இன அடிப்படையிலான பாகுபாடு, என்று முடிவு கூறியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2017இல், கொரிய அரசு அந்தச் சோதனையைக் கைவிட்டது. 2019இல் சியோல் நீதிமன்றம் ஒன்று, அரசு அவருக்கு மூன்று கோடி வோன் நஷ்டஈடு தர வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. ஒரு தொடக்கப் பள்ளி உபாத்தியாயினி பத்தாண்டு பொறுமையோடு ஓர் அரசாங்கத்தின் விதியை மாற்றிக் காட்டினார். பெரிய அமைச்சர்களின் பெயர்களை நாம் மனப்பாடம் செய்கிறோம்; வழக்கின் ஏடுகளிலும் இரண்டே எழுத்துகளால் குறிக்கப்பட்ட இந்த அம்மையாரை யார் நினைக்கிறார்கள்?

நண்பர்களே, இனி இதைவிட மெல்லிய, ஆனால் இதைவிடப் பரவலான ஒரு தீமைக்கு வருகிறேன். வேலை அநுமதி என்பது பெரும்பாலான நாடுகளில் ஆசிரியருக்குத் தரப்படுவதில்லை. இன்ன பள்ளியில் இன்ன வேலைக்கு என்று முதலாளியோடு முடிச்சுப் போட்டுத் தரப்படுவது. கொரியாவில் ஒப்பந்தக் காலத்துக்கு நடுவே வேறு பள்ளிக்கு மாற விரும்பும் ஈ-2 ஆசிரியர், இருக்கும் முதலாளியிடமிருந்தே விடுவிப்புக் கடிதம் பெற வேண்டும். யாரிடமிருந்து விலக விரும்புகிறாரோ அவரிடமே கைகட்டி நிற்க வேண்டும். ஓராண்டு பணி முடித்தவருக்கு ஒரு மாத ஊதியம் பணிக்கொடையாகத் தர வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் அன்போடு சொல்கிறது; பதினோராம் மாதத்தில் காரணமின்றி வெளியேற்றப்பட்டவர்களின் கதைகளை அங்கு வேலை பார்த்தவர்கள் சொல்லக் கேட்கலாம். தனியாக ஒரு பிள்ளைக்கு வீட்டில் பாடம் சொல்லி நாலு காசு சேர்க்கவும் அவருக்கு அநுமதி கிடையாது. சட்டம் கொடுத்த உரிமையை அநுமதிச் சீட்டு பறித்துவிடுகிறது.

அந்த முடிச்சின் நடுவே ஒரு தரகரும் புகுந்துவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2007 முதல் அங்குள்ள பொதுப் பள்ளிகளுக்காகப் பிலிப்பைன்ஸிலிருந்து சுமார் 350 ஆசிரியர்கள் வரவழைக்கப்பட்டார்கள். படித்தவர்கள், பயிற்சி பெற்றவர்கள், அநுபவம் மிக்கவர்கள். ஆள் சேர்த்த கலிபோர்னிய நிறுவனம் ஒவ்வொருவரிடமும் ஏறத்தாழ 16,000 டாலர் வசூலித்தது. அவர்கள் தாய்நாட்டில் ஓராண்டில் ஈட்டியதைப்போலப் பல மடங்கு அது. நிலத்தையும் நகையையும் ஈடு வைத்துக் கடன் வாங்கியவர்களிடம், முதல் தவணை கட்டிய பிறகு, இரண்டாம் ஆண்டு ஊதியத்திலும் பத்தில் ஒரு பங்கு தர வேண்டும் என்று ஒப்பந்தம் நீட்டப்பட்டது. மறுத்தால் கொடுத்த பணமும் போகும், விசாவும் கைக்கு வராது. விசா பள்ளியோடு கட்டப்பட்டது. பள்ளியின் வாசலில் தரகர். எங்கே போவார்கள்? நல்லகாலமாக ஆசிரியர் சங்கம் துணைநின்றது. வழக்கு நடந்தது. 2012 டிசம்பரில் நடுவர் குழு ஒன்று அந்த ஆசிரியர்களுக்கு 45 லட்சம் டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

நம் நாட்டிலும் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது; வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் அதன் கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும், தம் சேவைக்கு முப்பதாயிரம் ரூபாயும் வரியும்தான் வாங்கலாம். பேருந்து நிலையச் சுவரொட்டிகளில் காணும் நிறுவனங்களுள் பதிவு பெற்றவை எத்தனை என்று விசாரித்துப் பாருங்கள்.

இவ்வளவும் கேட்டபின், நியாயமான விதி எங்கேனும் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். முழு நியாயம் எங்குமில்லை. ஆனால் ஒரு விதி மெல்ல மெல்லத் திருந்துவதை இங்கிலாந்தில் காணலாம். அங்கே தகுதி பெற்ற ஆசிரியர் என்ற அந்தஸ்து ஒன்று உண்டு. அயல்நாட்டில் பயின்ற ஆசிரியர் அது இல்லாமலே நான்கு ஆண்டுகள் வரை உள்ளாட்சி மன்றங்களின் பராமரிப்பில் உள்ள பள்ளிகளில் கற்பிக்கலாம். அதற்குமேல் வேண்டுமானால் அந்தஸ்தைப் பெற்றாக வேண்டும். 2012இல் ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா என்னும் நான்கு நாடுகளின் ஆசிரியர்களுக்கு மறுபயிற்சியின்றி அது வழங்கப்படலாயிற்று. பட்டியலின் சாயல் உங்களுக்குப் பழக்கமானதாகத் தோன்றுகிறதல்லவா? இந்திய ஆசிரியர் இருபது ஆண்டு கற்பித்திருந்தாலும் மறுபடியும் மாணவராக வேண்டியிருந்தது. 2023 பிப்ரவரி முதல் நாளிலிருந்து அந்தக் கதவு அகலமாயிற்று: இந்தியா, கானா, ஹாங்காங், ஜமைக்கா, நைஜீரியா, சிங்கப்பூர், தென்னாப்பிரிக்கா, உக்ரைன், ஜிம்பாப்வே ஆகியவற்றின் ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம் என்றாயிற்று. அதிலும் ஒரு கண்ணி உண்டு. இந்தியா போன்ற நாடுகளில் பயின்றவர்கள் கணிதம், விஞ்ஞானம், மொழிகள் ஆகியவற்றை, 11 முதல் 16 வயது வரையுள்ள மாணவர்க்குக் கற்பிக்கும் தகுதியுடையவராக இருக்க வேண்டும். வரலாற்று ஆசிரியருக்கு வாய்ப்பில்லை. இங்கிலாந்துக்குத் திடீரென்று ஞானோதயம் பிறந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். பௌதிகம் கற்பிக்க அங்கே ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். பற்றாக்குறை திறந்துவிட்ட கதவானாலும், கேட்கப்படும் கேள்வி சரியாக இருக்கிறது: நீ என்ன படித்தாய், பயிற்சி பெற்றாயா, கற்பித்த அநுபவம் உண்டா?

ஆனால் சரியான கேள்வி கேட்கப்படும்போது, சரியான ஆசிரியர்களே முதலில் கிளம்பிவிடுகிறார்கள். அந்தத் துயரையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பள்ளிகள் ஜமைக்காவிலிருந்து ஆசிரியர்களைக் கொத்துக்கொத்தாக அழைத்துச் சென்றபோது, அச்சிறு தீவின் பள்ளிகள் திகைத்து நின்றன. அதன் விளைவாகவே 2004 செப்டம்பரில் காமன்வெல்த் நாடுகள் ஆசிரியர் சேர்க்கை நெறிமுறை ஒன்றை ஏற்றன. அழைக்கும் நாடு அனுப்பும் நாட்டுக்கு அறிவிக்க வேண்டும், அழைக்கப்பட்டவருக்கு உள்நாட்டு ஆசிரியருக்குக் குறையாத ஊதியமும் நிலைமையும் தர வேண்டும் என்பவை அதன் சாரம். அது சட்டமன்று, வாக்குறுதியே. எனினும், ஆசிரியரை இறக்குமதிச் சரக்காகக் கருதக்கூடாது என்று அரசாங்கங்கள் கூடிச் சொன்னதே ஒரு முன்னேற்றம்தான்.

நேரம் போய்க்கொண்டிருக்கிறது. இறுதியாக, உங்களுள் புறப்பட நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். உங்கள் பட்டச் சான்றிதழ் உண்மையானது என்று அயல்நாடு எப்படி நம்பும்? 1961 அக்டோபர் 5ஆம் நாள் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கை அதற்கு வழி செய்தது; அப்போஸ்டில் என்னும் ஒரே முத்திரையை உறுப்பு நாடுகள் யாவும் ஏற்க வேண்டும். இந்தியாவில் 2005 ஜூலை 14 முதல் அது அமலில் உள்ளது. கொரியாவில், தற்செயலாக அதே தேதியில், 2007 முதல். சான்றிதழை முதலில் நம் மாநில அரசின் உரிய துறை சரிபார்த்து முத்திரையிட வேண்டும். பின்னர் வெளியுறவு அமைச்சகம் அப்போஸ்டில் இடும். போலீஸ் நன்னடத்தைச் சான்று பாஸ்போர்ட் அலுவலகத்தில் கிடைக்கும். இதற்கெல்லாம் வாரங்கள் ஆகும். ஆகவே வேலை கிடைத்த பிறகு ஓடாமல் முன்கூட்டியே தொடங்குங்கள்.

அதற்கும் முன்னால் உங்கள் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், தமிழர்க்கு இதுவே பெரிய இடர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எஸ். மலர்விழி, பட்டத்தில் மலர்விழி எஸ்.; பாஸ்போர்ட்டிலோ தந்தையின் பெயர் விரிந்து மலர்விழி சுப்பிரமணியன். திருமணமானால் கணவரின் பெயரோடு நான்காவது ஒருத்தியும் தோன்றிவிடுவாள். இன்ஷியல் என்றால் என்னவென்றே அறியாத அயல்நாட்டு அதிகாரிக்கு இவர்கள் மூன்று நான்கு பெண்மணிகள், இவர்களுள் பி.எட். படித்தவர் யார் என்று அவர் குழம்பிப்போகிறார். இதில் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எல்லா ஏடுகளிலும் ஒரே பெயர் இருக்கும்படி இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். திருத்த முடியாதவற்றுக்கு உறுதிமொழிப் பத்திரம் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஒப்பந்தம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்கட்டும். நடுவில் பள்ளி மாற வேண்டுமானால் யாருடைய சம்மதம் தேவை, விசாக் கட்டணத்தை யார் கட்டுவது, விடுமுறை மாதத்துக்கு ஊதியம் உண்டா என்பவற்றை ஒப்பமிடும் முன்பே எழுத்தில் கேளுங்கள். தரகர் பதிவு பெற்றவர்தாமா என்பதைச் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். அசல் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் யாரிடமும் ஒப்படைத்துவிடாதீர்கள். பள்ளித் தாளாளரே கேட்டாலும் பிரதிதான் கொடுக்க வேண்டும், சரிபார்க்க வேண்டுமென்றால் உங்கள் கண்ணெதிரே பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும்.